கடைசிக் கூட்டம் கடக்கும்வரை விழித்திருக்க: ஒரு நன்கொடை வேண்டுகோள்

பறவை ஆர்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பருவம்தோறும் இடம்பெயரும் வலசைப் பறவைகளை, வெவ்வேறு நாடுகளில் ஒன்றுசேர்ந்து எண்ணிவரும் குழுவினர் நாங்கள். இலையுதிர்கால வலசை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் எங்களுக்கு ஆள் பஞ்சம் கிடையாது. கண்காணிப்பு மேடையில் நிற்க இடம் இருக்காது. பைனாகுலரைத் தூக்கினால் பக்கத்து ஆளின் முழங்கையில் இடிக்கும். இலைகள் உதிர்ந்து முடிந்து, விடியலில் புல்நுனியில் உறைபனி படியத் தொடங்கியதும் அதே மேடை வெறிச்சோடிவிடுகிறது. பறவைகள் போய் முடிந்துவிடவில்லை. பார்க்க வந்தவர்கள்தான் போய்விட்டார்கள். யாரும் எண்ணாத அந்தக் கடைசி ஐந்தாறு வாரங்களுக்காகவே இப்போது உங்களிடம் கையேந்துகிறோம்.

அந்த வாரங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். சில பறவைகள் நாள்காட்டி பார்த்ததுபோல் கிளம்பிவிடும். பகல் சுருங்குவதை அவற்றின் உடலே உணர்ந்துகொள்கிறது. உணவு கொட்டிக் கிடந்தாலும் நிற்காது. ஐரோப்பாவில் கூடு கட்டும் உழவாரன்கள் ஆகஸ்டிலேயே பெரும்பாலும் போய்விடுவது இப்படித்தான். வேறு சில பறவைகள் வானிலை துரத்தும்வரை அசையாது. வாத்துகளும் அன்னங்களும் நீர் உறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பழம் தின்னும் பூங்குருவிகள் கிளையில் பழம் உள்ளவரை இருக்கும். ஓர் ஆண்டு நவம்பர் தொடக்கத்திலேயே மூட்டை கட்டும் கூட்டம், அடுத்த ஆண்டு டிசம்பர் பிறந்தும் நகராது. குளிர்காலம் மாறிவருகிறதா என்பதற்கு இந்தப் பின்தங்கிய கூட்டத்தைவிட நல்ல சாட்சி கிடையாது என்பது எங்கள் எண்ணம்.

பியூவிக் அன்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவின் ஆர்க்டிக் சமவெளியில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு வடமேற்கு ஐரோப்பாவுக்கு வரும் பறவை அது. பிரிட்டனுக்கு வரும் அன்னங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அந்த ஒரு நாட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால், இனமே அற்றுப்போகிறது என்று தோன்றும். மொத்த எண்ணிக்கை குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் குளிர் தணிந்துவருவதால் பல அன்னங்கள் கிழக்கிலேயே, வழியில் உள்ள நாடுகளிலேயே தங்கிவிடுகின்றன என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் வழி நெடுக ஒரே காலத்தில், ஒரே முறையில் எண்ணியாக வேண்டும். வெவ்வேறு நிலப்பகுதிகளில் உள்ள குழுக்கள் ஒன்றுசேர்ந்து இந்தக் கூட்டுக் கணக்கெடுப்பைக் கையில் எடுத்ததற்கு அதுவே காரணம்.

நீண்ட நாள் எண்ணுவதால் என்ன பயன் என்பதற்கு நாங்கள் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுன்டன் என்ற மலைமுகடு. வலசை போகும் வல்லூறுகளையும் கழுகுகளையும் அங்கே நின்று சுட்டுத் தள்ளுவது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சரணாலயமாக்கினார். காவலராக வந்த மாரிஸ் பிரவுன் அதே இலையுதிர்காலத்தில் எண்ணத் தொடங்கினார். பிற்பாடு டிடிடி பூச்சிக்கொல்லி பரவலான ஆண்டுகளில், வெண்தலைக் கழுகுகளில் இளம் பறவைகளின் பங்கு சரிவதை அந்த நோட்டுப் புத்தகக் கணக்கு காட்டிக்கொடுத்தது. டிடிடியின் தீங்கை எடுத்துரைத்தவர்களுக்கு அது ஒரு முக்கியச் சான்றாக அமைந்தது. 1972இல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடைசெய்தது. எண்ணியவருக்கு, தாம் எதற்காக எண்ணுகிறோம் என்பது தொடக்கத்தில் தெரிந்திருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கே ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுப்பகுதிவரை எண்ணுகிறார்கள். பொன்னாங்கழுகுகள் பெரும்பாலும் நவம்பரை ஒட்டித்தான் கடக்கின்றன. அக்டோபரில் கடையைக் கட்டியிருந்தால் அவற்றின் கணக்கே இருந்திருக்காது.

பகலில் கடப்பவற்றைக் கண்ணால் எண்ணிவிடலாம். சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் அல்லவா பறக்கின்றன! அவற்றுக்காக விடியலில் வலை கட்டுகிறோம். கையில் எடுத்த கதிர்க்குருவியின் எடை பத்து கிராம்கூட இருக்காது. விரலிடுக்கில் அதன் நெஞ்சுத் துடிப்பு, ஓயாமல் தட்டும் தையல் இயந்திரம் போல உணரப்படும். காலில் வளையம் மாட்டி, சிறகை அளந்த பிறகு, கழுத்தடி இறகுகளை வாயால் மெல்ல ஊதி விலக்கிப் பார்ப்போம். தோலுக்கடியில் மஞ்சள் நிறத்தில் கொழுப்பு தெரியும். கழுத்தடிக் குழி நிறையக் கொழுப்பு இருந்தால் அன்றிரவே நெடுந்தூரம் போகும் பறவை அது. ஒன்றுமில்லாமல் குழி வெறுமையாகச் சிவந்து தெரிந்தால் மனம் கனத்துவிடும். பருவம் முடியும் தறுவாயில் அப்படிப்பட்ட பறவை சிக்கினால் யாரும் அதிகம் பேசாமல் சீக்கிரம் விடுவித்துவிடுவோம்.

டென்மார்க்கின் விபோர்க் நகர ஆசிரியர் மார்ட்டென்சன் 1899இல் மைனா இனத்துப் பறவைகளுக்கு எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிய நாளிலிருந்து இந்த முறை நடந்துவருகிறது. ஆனால் வளையமிட்ட பறவை மறுபடி யார் கையிலாவது கிடைத்தால்தான் செய்தி. செயற்கைக்கோள் கருவி அந்தக் குறையைப் போக்கியது. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்தே மாதமானது, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்ததை அப்படித்தான் அறிந்தோம். பத்து கிராம் குருவியின் முதுகில் அந்தக் கருவியை ஏற்ற முடியாது.

அதற்காகவே ஒரு கிராமுக்கும் குறைவான ரேடியோ டேக் இருக்கிறது; பறவையின் உடலில் மாட்டினால் ரேடியோ அலையில் குறிப்பொலி அனுப்பிக்கொண்டே இருக்கும் சிறு கருவி அது. 2014இல் கனடாவில் தொடங்கிய மோட்டஸ் வலையமைப்பு இதை வைத்தே நடக்கிறது. ஒரு வட்டாரத்தில் உள்ள டேக்குகள் எல்லாம் பொதுவான அலைவரிசையில் குரல் கொடுக்கும். எங்கோ ஒருவர் மாட்டிவிட்ட டேக்கை, வழியில் உள்ள எந்த நிலையத்தின் ஆன்டெனாவும் கேட்கும். தடையற்ற வெளியில் சுமார் 15 கிலோமீட்டர்வரை எட்டும். நாம் நிறுத்தும் ஆன்டெனா நம் பறவைகளுக்கு மட்டும் அல்ல, முன்பின் அறியாத ஆராய்ச்சியாளர்கள் அனுப்பிய பறவைகளுக்கும் காது கொடுக்கும். பகிர்ந்து செய்தால் மட்டுமே பயன் தரும் வேலை இது. தனியாக ஓர் ஆன்டெனாவை நட்டுவைத்தால் அது வெறும் கம்பிதான்.

சென்ற பருவத்தில் நடந்த ஒரு தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நவம்பர் பிற்பகுதியில் தொடர்ந்து நான்கு இரவுகள் டேக்குகளின் குரலைக் கேட்கும் எங்கள் ஏற்பி நிலையம் ஊமையாக இருந்தது. கடுங்குளிரில் பழைய பேட்டரி திறன் இழந்தது. சூரிய மின்தகட்டின் மேல் பனி படிந்திருந்ததால் மின்னேற்றமும் இல்லை. ஐந்தாம் நாள் காலை ஒருவர் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த நான்கு இரவுகளில்தான் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி, தேங்கி நின்ற கூட்டங்கள் மொத்தமாகப் புறப்பட்டிருக்கின்றன. மற்ற நிலையங்களின் பதிவைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. குறை யாருடையதும் அல்ல, எங்களுடையதே: மாற்றுப் பேட்டரிக்கு ஒதுக்கியிருந்த தொகையை வேறு செலவுக்கு எடுத்திருந்தோம்.

ஆகவே இந்த முறை திரளும் பணத்தில் முதல் செலவு, குளிர் தாங்கும் பேட்டரிகளும் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு மாற்றும். அடுத்தது, கடைசி வாரங்களில் மேடையில் நிற்பவர்களின் போக்குவரத்துச் செலவும் தங்குமிடமும். இவர்கள் ஊதியம் கேட்கவில்லை. கைக்காசைப் போட்டுக்கொண்டு வர வேண்டிய நிலை மட்டும் கூடாது என்கிறார்கள், நியாயந்தானே. மீதி ரேடியோ டேக்குகளுக்கும் இரவுக் குரல்களைப் பதியும் ஒலிக்கருவிகளுக்கும் போகும். விழாவுக்கோ நினைவுப் பரிசுகளுக்கோ பதாகைக்கோ ஒரு காசும் போகாது.

வடகோளம் முடிந்ததும் வேலை ஓய்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தென்கோளத்தில் பின்னிலையுதிர்காலம் மே மாதத்தில் வருகிறது. வலசை என்றாலே வடக்கு தெற்கு என்று படித்த நமக்கு, நியூசிலாந்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்காக மேற்கே ஆஸ்திரேலியாவுக்குக் கடல் தாண்டும் இரட்டைப்பட்டை உப்புக்கொத்தி சற்று விசித்திரமாகத்தான் தோன்றும். இரு கோளங்களிலும் தோழமைக் குழுக்கள் இருப்பதால், எங்கள் கணக்குப் பதிவாளருக்கு ஆண்டில் இரண்டு இலையுதிர்காலம். அவர் முறையிட்டாயிற்று, குழு அனுதாபம் தெரிவித்ததோடு சரி.

எவ்வளவு தர வேண்டும் என்று கேட்காதீர்கள். சிறு தொகை என்று தயங்கவும் வேண்டாம். சென்ற முறை ஒரு பள்ளி மாணவி சேர்த்துத் தந்த தொகையில் வாங்கிய வளையங்கள் இப்போது பறந்துகொண்டிருக்கின்றன. பணம் தர இயலாதவர்கள் பயன்படுத்தாத பைனாகுலரையோ அதை நிறுத்தும் முக்காலியையோ தரலாம், நவம்பரில் ஒரு காலைப்பொழுதைத் தந்தாலும் சரி. தரும் ஒவ்வொருவருக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு பருவம் முடிந்த மறு மாதமே எல்லா நன்கொடையாளர்களுக்கும் அனுப்பப்படும். பதிவான பறவைகளின் பட்டியலும் அதனுடன் வரும், நிலையம் ஊமையான இரவு இருந்தால் அதுவும் சேர்த்தே.

பேட்டரிகளை முதல் உறைபனிக்கு முன்பே மாட்டியாக வேண்டும். நன்கொடையை அதற்குள் பொருளாளரிடம் சேர்ப்பித்தால் பேருதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
வலசைக் கூட்டுக் கண்காணிப்புக் குழுவினர்