பினாங்கு மாநிலத்துப் பிறையில் சிலம்ப வகுப்பு நடத்தும் என் மாணவிக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். வகுப்புக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பெண் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள், "நான் சொல்லித் தர்றதுல என்ன குறை மாஸ்டர்?" என்று கேட்டாய். குரல் கம்மியிருந்தது. இதற்குப் போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. உன்னைப்போல் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லித்தரும் மற்றவர்களும் படிக்கட்டுமே என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு பேரின் வயதைப் பார். பதிமூன்று. அந்த வயதில் பெண் பிள்ளை நின்றால் காரணம் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும். "பெரிய பிள்ளை ஆயிட்டா, இனிமே எதுக்குக் கம்பும் கையுமா?" என்று யாராவது ஆரம்பித்திருப்பார்கள். உன் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது, நினைவிருக்கும். உன் அப்பாயி மட்டும் "போயிட்டு வரட்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். இல்லாவிட்டால் இன்று பிறையில் அந்த வகுப்பே கிடையாது.

எனக்கு இல்லாத ஒரு வசதி உனக்கு இருக்கிறது. அந்தத் தாய்மார்கள் என்னிடம் கேட்கக் கூச்சப்படுவதை உன்னிடம் கேட்பார்கள். வீட்டுக்குப் போ. வகுப்பைப் பற்றிப் பேசாமல் முதலில் ஒரு தேத்தண்ணி குடி. மாதவிலக்கு நாளில் பிள்ளை உட்கார்ந்து பார்த்தால் போதும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று சொல். இன்னொன்று, உன் வகுப்புச் சீருடையின் வெள்ளைக் கால்சட்டையைக் கறுப்பாக மாற்று. சின்ன விஷயமாகத் தெரியும். வெள்ளைக் கால்சட்டைக்குப் பயந்தே வராமல் போகிற பிள்ளைகள் உண்டு, அதை வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

உடம்பு வளர்கிற வேகத்தையும் கணக்கில் வைத்துக்கொள். நெற்றி அளவுக்கு வெட்டிக்கொடுத்த பிரம்பு, ஒரு வருஷம் போனால் மூக்குக்கு வந்து நிற்கும். கையும் காலும் திடீரென்று நீண்டுவிட்ட பையனுக்கு, போன வருஷம் தண்ணீர்பட்ட பாடாக வந்த காலடி இந்த வருஷம் தடுமாறும். தனக்குத் திறமை போய்விட்டது என்று அவன் நினைத்துக்கொள்வான். சிலருக்கு முட்டிக்குக் கீழே புடைத்து வலிக்கும். தொடைத் தசையின் இழுப்பை வாங்கும் நாண், கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் இடத்தில் வருகிற வலி அது. வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் தானாகப் போய்விடும். அதுவரை குதிக்கிற பயிற்சியைக் குறை, உட்கார்ந்து எழுகிறதையும் குறை. வலி கூடினால் டாக்டரிடம் அனுப்பு. சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு சொல்லுக்கே நின்றுபோவார்கள்.

இதையெல்லாம் நீ சரியாகச் செய்தாலும் பதினேழு வயதில் போவார்கள். எஸ்.பி.எம். என்கிற ஐந்தாம் படிவத் தேர்வு வரும், அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பு, பல்கலைக்கழகம், சிங்கப்பூர் வேலை. பக்கத்து மண்டபத்தில் தேக்வாண்டோ கற்கிற பிள்ளைக்கு ஒலிம்பிக் கனவாவது உண்டு. 2000-ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து அது பதக்க விளையாட்டு. நம் சிலம்பம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் பதக்கப் பட்டியலில் சேராத காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். அந்தக் காணொளிகளை இங்கே நம் செந்தூல் வகுப்புப் பிள்ளைகள் போனில் மாற்றி மாற்றிப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அதை நம்பி ஒரு பெற்றோர் பிள்ளையை விடுவாரா? பொதுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணில் விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருப்பதால் சான்றிதழுக்காகச் சேர்க்கிறவர்கள் வருவார்கள். அவர்களை இளக்காரமாகப் பார்க்காதே. சான்றிதழுக்கு வந்து கம்பின் மேல் ஆசை வைத்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உனக்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். உனக்குப் பிறகு வந்தவன், நீ பார்த்ததில்லை. பதினைந்து வயதில் சேர்ந்தான். மூக்கு நுனியில் கோபம், பள்ளியில் அடிதடி, அம்மா அழுதுகொண்டே கொண்டுவந்து விட்டார். தொடுமுறைப் போட்டியில் எதிராளி மேல் கம்பு பட்டால் புள்ளி. அவனுக்கோ பட்டால் போதாது, வலிக்கவேண்டும். அவனை ஒரு வருஷம் சின்னப் பிள்ளைகளோடு மோதவே விடவில்லை. பிறகு ஒருநாள், பத்து வயசுப் பொடியன் ஒருவன் எதிரில் நின்றான். இவன் வீச்சு தலைக்கு வந்தது, பொடியன் காப்புக் கொடுக்க மறந்து கண்ணை மூடிக்கொண்டான். கம்பு அவன் காதுக்கு நாலு விரல் தள்ளி நின்றது. இவன் அதை இறக்கிவிட்டு, "கண்ண மூடாத. கைய மேல தூக்கு. மறுபடி," என்றான். என் குரல், என் வார்த்தை, அப்படியே. நான் போய்த் தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சில மாதத்தில் அவனும் நின்றுவிட்டான். அப்பாவுக்கு முடியாமல் போனது, மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனான். போன் எடுக்கவில்லை. இந்த வருஷத் தைப்பூசத்தில் பத்துமலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் அவனைப் பார்த்தேன். இரண்டு இளவட்டங்கள் தள்ளுமுள்ளுக்குத் தயாராக, இவன் நடுவே போய் நின்றான். இடது கால் முன்னே, எடை பின்னங்காலில், இரண்டு கையும் விரித்து மார்புக்கு நேரே. நம் காலடி. "அண்ணே, தண்ணி குடிங்க, போங்க," என்றான், போய்விட்டார்கள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தான். வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வேலைக்கு நேரமாச்சு மாஸ்டர்," என்று கிளம்பிவிட்டான். ரயிலில் வீட்டுக்கு வரும்போது எனக்குச் சந்தோஷமும் இருந்தது, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் நாளுக்கொரு பதில் சொல்வேன். இத்தனை வருஷத்தில் அந்த அடைப்பு எனக்குப் பழகவில்லை. உனக்கும் பழகும் என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆகவே அந்த இரண்டு பேருக்கும் ஒரு தகவல் அனுப்பு. ஏன் வரவில்லை என்று கேட்காதே. "கம்பு இங்கேயே இருக்கு, எப்ப வேணும்னாலும் வா" என்று மட்டும் எழுது. அவர்கள் கம்பை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடாதே. பள்ளி விடுமுறையில் உன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செந்தூலுக்கு வா. நம் பிள்ளைகளோடு மோதிப் பார்க்கட்டும். புதுப் பிரம்பு வந்திருக்கிறது, தீயில் வாட்டி நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். எத்தனை வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு உயரம் என்று எழுது. கொஞ்சம் நீட்டியே வெட்டுகிறேன்.

அன்புடன்,
உன் மாஸ்டர்
செந்தூல், கோலாலம்பூர்