தபால் பை அல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் பகாவ் ரயில் நிலையத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் பிரம்பு வளையத்தின் படத்துக்குக் கீழே ‘தபால் பை மாட்டும் வளையம்’ என்று போட்டிருக்கிறதே, எழுதியவர் ஸ்டேசனில் யாரையும் கேட்கவில்லையா?

அது டோக்கன் வளையம். தோல் பைக்குள் இருப்பது கடிதம் அல்ல, டோக்கன் என்ற உலோகச் சாவி. அது கையில் இல்லாமல் டிரைவர் ஒற்றைப் பாதையில் வண்டியை எடுக்கக் கூடாது. பாதையின் இரு முனை ஸ்டேசனிலும் இந்தச் சாவிகள் வைக்கும் பெட்டி ஒவ்வொன்று. அந்தப் பக்கத்து ஸ்டேசன் மாஸ்டர் மணிக்குறி வாங்கி மின்சாரம் விட்டால்தான் இந்தப் பக்கம் சாவி வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. எதிரெதிரே இரண்டு வண்டி ஏறாமல் காத்தது இதுதான்.

‘கொடி அசைப்பதுதான் மாஸ்டரின் வேலை’ என்றும் ஒரு வரி. ஆகா! ஒரே திசையில் வண்டிகள் அதிகம் போனால் சாவிகள் எல்லாம் அடுத்த ஸ்டேசனில் குவிந்து இங்கே பெட்டி காலியாகிவிடும். சிக்னல் ஆள் வந்து, பெட்டியைத் திறந்து, எண்ணி, ஏட்டில் எழுதித்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதிலும் இரட்டைப்படையில்தான் எடுக்கலாம்; ஒற்றைப்படையானால் இரண்டு பெட்டியும் ஒத்துப்போகாமல் பாதையே முடங்கும். உச்சி வெயிலில் சிக்னல் கம்பி நீண்டு தொய்ந்தால் சிக்னல் மரத்தின் கை அரைகுறையாக நிற்கும். அதையும் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். கொடி இதற்கெல்லாம் பிறகு.

கெமாஸ்–பகாவ் பாதை 1910இல் திறந்ததைச் சரியாகவே போட்டீர்கள். ஆனால் ‘போரின்போது சேவை தடைப்பட்டது’ என்று ஒரே வரியில் தாண்டியது எப்படி? 1931இல்தான் முழுமையடைந்த கிழக்குக் கரைப் பாதையில், நீண்ட தூரத்துக்குத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் ஜப்பானியர்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழ் ஆட்களையும்தான். தமிழ்ப் பத்திரிகைக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

முன்பு தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை திறந்த ஆண்டு 1895 என்று அச்சிட்டீர்கள். 1885 ஜூன் 1 என்று எழுதி அனுப்பினேன். இன்றுவரை திருத்தம் வரவில்லை.

இப்போது கேட்பது படக்குறிப்பில் ஒரு வரி மாற்றம்தான். அப்படியே படத்தையும் திருப்பிப் போடுங்கள். பை கீழே தொங்க வேண்டும், மேலே அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிக்னல் ஊழியர்,
பகாவ், நெகிரி செம்பிலான்