படகுக் கழிவறை பற்றி, பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் சர்க்கரை இந்த மாதம் கட்டுக்குள் இருக்கிறது. சின்னவன் பரீட்சை முடித்துவிட்டான். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். நீ கேட்ட கழிவறை விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்துக் கால்வாயில் குடியிருக்கப் படகை வாங்கி முடித்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். இதையாவது வாங்குவதற்கு முன்னால் கேட்டாயே.

நீ அனுப்பிய கழிவறைப் பெட்டிப் படங்களைப் பார்த்தேன். எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். எத்தனை பேர் உபயோகிக்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. அது தெரியாமல் கேன் அளவு, வாளி அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை காலி செய்வது என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கடிதம் முழுக்க இரண்டு கணக்காகவே போட்டிருக்கிறேன்.

கம்போஸ்ட் டாய்லெட் என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் எதுவும் மக்கி முடிவதில்லை. சிறுநீரை முன்பக்கம் ஒரு கேனுக்கும் மலத்தைப் பின்பக்கம் ஒரு வாளிக்கும் பிரித்து, மலத்தைக் காற்றால் காய வைப்பதுதான் அதன் வேலை. இரண்டும் கலந்தால் மலத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். கலவையில் காற்று புகாமல் அழுகலும் தொடங்கிவிடும். பிரித்து வைத்தால் ஈர மண் வாசனைக்கு மேல் வராது. எனவே எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் முதலில் அதன் பிரிப்பான் எப்படி இருக்கிறது என்று பார். உட்கார்ந்தால்தான் அது சரியாகப் பிரிக்கும், ஆண்களும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

சிறுநீர்க் கணக்கு சுலபம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் ஒன்றரை லிட்டர். நேச்சர்ஸ் ஹெட் என்று விற்கிற பெட்டியின் கேன் 8 லிட்டர் சொச்சம் பிடிக்கும். ஒருத்திக்கு ஐந்து நாள் வரும். இருவருக்கு மூன்று நாள்கூடத் தாங்காது. கொள்ளளவு இருக்கிறதே என்று ஐந்து நாள் வைத்திருக்காதே. இரண்டு நாள் தாண்டினாலே கேனைத் திறக்கும்போது அம்மோனியா மூக்கில் ஏறும். காலிக் கேனில் ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுவிட்டு மாட்டினால் அது தாமதமாகும், அடியில் கல் படிவதும் குறையும். படிந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் அதே சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து இரவு முழுக்க ஊற வை. பிளீச் மட்டும் ஊற்றாதே. அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் வாயு வரும், அந்தச் சின்ன அறையில் நெஞ்சை அடைத்துவிடும்.

இந்த வகைப் பெட்டிகளில் அதிகம் நடக்கிற விபத்து கேன் நிரம்பி வழிவதுதான். இருட்டில் யாரும் பார்ப்பதில்லை. வழிந்தது வாளியின் அடிக்குப் போகும், அங்கிருந்து தரைப் பலகைக்குக் கீழே இறங்கும். அளவு வெளியே தெரிகிற கேனாக வாங்கு, மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் மாற்று. 8 லிட்டர் நிரம்பினால் 8 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகிய ஓர விளிம்பில் நடக்காதே, முன்தளம் வழியாகவே இறங்கு. பனிக்காலத்தில் கேனை 5 லிட்டரோடு நிறுத்திக்கொள். ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும்.

கால்வாய் உறைந்தால் படகு நகராது, படகுக் கழிவறைக் கழிவை ஊற்றுகிற எல்சன் தொட்டி இருக்கிற இடத்துக்குப் போக முடியாது. பத்து நாள் அப்படி நிற்க நேர்ந்தால் ஒருத்திக்கு 15 லிட்டர், அதாவது மூன்று 5 லிட்டர் கேன். இருவருக்கு ஆறு. வைக்க இடம் பார்க்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன். சிறுநீரை எல்சனில்தான் ஊற்ற வேண்டும். எல்லோரும் செய்கிறார்கள் என்று கால்வாயில் ஊற்றாதே. ஓடாத தண்ணீர் அது, நைட்ரஜன் சேர்ந்தால் பாசி பிடிக்கும்.

இனி வாளி. கைப்பிடி சுழற்றி உள்ளே கிளறுகிற பெட்டியானால் தேங்காய் நார்த்தூள் வேண்டும். அங்கே கடைகளில் கிடைக்கிற நார்த்தூள் கட்டிகளில் நிறைய நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவைதான். 650 கிராம் கட்டி ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் வரும். கொதிநீர் ஊற்றியே ஊற வை. கட்டிக்குள் சின்ன ஈக்களின் முட்டை இருந்தால் அதில் சாகும். பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டுப் பிறகு ஈ வருகிறது என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. புட்டு மாவு பதம் வர வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். சுழல் கம்பியைத் தொடுகிற அளவுக்குப் போட்டால் போதும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சுற்று சுற்று. கைப்பிடி இறுகினால் உள்ளே காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளி. சொதசொதவென்று சுற்றினால் ஈரம் அதிகம், காய்ந்த நார்த்தூள் ஒரு கைப்பிடி போடு. வயிற்றுப்போக்கு வந்த நாளில் இரண்டு கைப்பிடி.

சுழற்றும் பெட்டியின் குறை காலி செய்யும் நாளில் தெரியும். மேல்பாகத்தைக் கழற்றி, முழு வாளியையும் பைக்குள் கவிழ்க்க வேண்டும். இருவர் இருந்தால் ஒருவர் பையைப் பிடிக்க, ஒருவர் கவிழ்க்கலாம். தனி ஆளுக்கு அது சிரமம். ஒருத்திதான் என்றால் என் யோசனை வேறு: பலகையில் ஒரு பெட்டி, மேலே பிரிப்பான் இருக்கை, உள்ளே 20 லிட்டர் வாளி. அதே அளவில் மூடியோடு இன்னொரு வாளி. ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு மற்றதை வை, கவிழ்க்க வேண்டியதே இல்லை. சுழற்ற முடியாததால் ஒவ்வொரு முறையும் காய்ந்த மரத்தூளால் மூட வேண்டும். செலவும் நிறையக் குறையும். கூரைத் தகட்டில் நீயே சோலார் பலகை மாட்டின படத்தை அப்பா வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். இந்தப் பெட்டி உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மரத்தூளுக்குப் பதில் அடுப்புச் சாம்பல் போடலாமா என்று கேட்டிருந்தாய். முசிறிப் பக்கம் ஸ்கோப் என்ற தொண்டு அமைப்பு கட்டின, இதே மாதிரி பிரிக்கிற கழிவறைகளில் சாம்பல்தான் போட்டார்கள் என்பது சரி. அது விறகுச் சாம்பல். உன் அடுப்பில் நிலக்கரி உருண்டை எரிகிறது. அந்தச் சாம்பலைப் போடாதே, மண்ணுக்கு ஆகாது. தனி விறகுச் சாம்பல் கிடைத்தாலும் மூடியுள்ள இரும்பு வாளியில் வெளியே ஒரு நாளுக்கு மேல் ஆறவிட்டு எடு. கனல் உள்ள சாம்பலைப் படகுக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே தெரியாது. 2019 ஏப்ரலிலிருந்து தங்கும் வசதியுள்ள படகுகளில் அதற்கான அலாரம் கட்டாயம். உன் அலாரத்தின் பொத்தானை வாரம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாயா? அதன் காலாவதித் தேதி பின்பக்கம் இருக்கும், அதையும் பார். தனியாகத் தூங்குகிறவளை எழுப்ப வேறு யாரும் இல்லை. தனியாக இருந்தால் என்று சொல்கிறேன்.

கழுவுவது பற்றி யாரும் உனக்கு எழுதியிருக்க மாட்டார்கள், அங்கே எல்லாரும் காகிதம். முசிறிக் கழிவறையில் கழுவுகிற தண்ணீருக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அது தனியாகக் கல் நிரப்பின பாத்திக்குப் போகும். இந்தப் பெட்டியில் அது கிடையாது. ஒரு சொம்புத் தண்ணீர் வாளிக்குள் போனால் ஒரு வாரம் காய வைத்தது வீண். குளியல் தட்டில் நின்று கழுவலாம் என்று நினைக்காதே. அந்தத் தண்ணீர் பம்ப் வழியாக நேரே கால்வாய்க்குப் போகிறது. முதலில் காகிதம், பிறகு தெளிப்பான் பாட்டிலால் நனைத்த காகிதம். அது மனசுக்கு ஒப்பவில்லை என்றால் ஒரு தனிக் கிண்ணம் வைத்துக் கழுவி, மூடியுள்ள கேனில் சேர்த்து எல்சனில் ஊற்று.

பெட்டியின் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற ஃபேன் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். கம்ப்யூட்டர் ஃபேன் மாதிரி 12 வோல்ட் சின்ன ஃபேன்தான். 0.1 ஆம்பியர் என்றால் நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, டிசம்பரில்கூட உன் பேட்டரி தாங்கும். மெயின் சுவிட்சுக்கு முன்னாலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து இணை. இல்லாவிட்டால் படகைப் பூட்டிவிட்டு வெளியே போகும்போது அதுவும் நின்று, திரும்பி வரும்போது நாற்றமும் ஈயும் வரவேற்கும். குழாய் எங்கும் தொங்கி வளையக் கூடாது, வளைவில் நீராவி தண்ணீராகித் தேங்கினால் காற்று அடைபடும். காற்று உள்ளே வருகிற துளையிலும் வெளியே போகிற முனையிலும் கொசுவலை வேண்டும். ஒரு ஃபேன் உபரியாக வாங்கி வை.

கூரையில் ஏற்கெனவே இருக்கிற காளான் வடிவ மூடி போட்ட காற்றுத் துளையில் குழாயைச் செருகாதே. அது அடுப்புக்கும் ஆளுக்கும் காற்று வர வைத்த வழி. புதிதாகத் துளை போடு. தகடு 4 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாய். துளை போடுகிற வட்ட ரம்பத்தை மெதுவாக ஓட்டி, எண்ணெய் விட்டு அறு. வெட்டிய விளிம்பில் அன்றே பிரைமர் அடி. தெறித்த இரும்புத் தூளைக் காந்தத்தால் எடுத்துவிடு, ஒரு மழையில் பெயின்ட் முழுக்கத் துருப் புள்ளி வைக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். நிரம்பின வாளி எங்கே போகும்? அங்கே கால்வாய்களைப் பராமரிக்கிற கேனல் அண்டு ரிவர் டிரஸ்ட் 2021 முடிவோடு அதைப் பையில் கட்டித் தங்கள் குப்பைத் தொட்டியில் போடுவதை நிறுத்திவிட்டது. எல்சனில் போட்டால் நார்த்தூள் அடைத்துக்கொள்ளும். கரையோரம் புதைக்கவும் கூடாது. ஆக, மக்கி முடிகிற வரை நீயேதான் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டியில் கணக்கு இருக்கிறது. 20 டிகிரிக்கு மேலான நம் ஊர்ச் சூட்டில் ஒரு வருஷத்துக்கு மேல். 20 டிகிரிக்குக் கீழே, உங்கள் ஊரில், ஒன்றரை முதல் இரண்டு வருஷம். குடற்புழு முட்டை குளிரில் சீக்கிரம் சாகாது. குவியல் 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரம் இருந்தால் சீக்கிரம் முடியும், ஆனால் மக்குவதற்காகப் படகுக் கூரையில் வைக்கிற சின்னப் பெட்டி அந்தச் சூட்டைப் பிடிக்காது.

என் கணக்கில் ஒரு ஆளுக்கு வருஷம் 150 லிட்டர் போல வரும், மக்கிச் சுருங்கினால் பாதி. இரண்டு வருஷத்துக்கு ஒருத்திக்கு மூன்று நான்கு பெட்டி, 50 லிட்டர் அளவில். இருவருக்கு ஏழெட்டு. மூடிய தேதியை ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். நிரந்தர மூரிங், அதாவது படகைக் கட்டி வைக்கத் தனி இடம், இல்லாதவர்கள் 1995 பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி பொதுவாக 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க முடியாது. எனவே அத்தனை பெட்டியும் கூரையிலேயே உன்னோடு சுற்றும்.

தண்ணீர் ஊற்றாத இந்த வறண்ட கழிவறையை நான் எவ்வளவு நம்புகிறேன் என்று உனக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன்: இரண்டு வருஷம் அந்தப் பெட்டிகள் எங்கே இருக்கும் என்று தெரியாமல் இதை வாங்காதே. நிலம் உள்ள மூரிங் கிடைத்தாலோ, தோட்டம் வைத்திருக்கிற சிநேகிதர் இடம் கொடுத்தாலோ இதைவிட நல்லது வேறில்லை. இல்லையென்றால் இப்போதைக்கு, அடித் தொட்டியைக் கழற்றி எல்சனில் ஊற்றுகிற கேசட் டாய்லெட்டே போதும். 18 லிட்டர் கேசட் ஒருத்திக்கு நாலைந்து நாள், இருவருக்கு இரண்டு மூன்று நாள். இரண்டு கேசட் உபரியாக இருந்தால் உறைபனி வாரத்தையும் தாண்டிவிடலாம். கேசட்டில் ஊற்றுகிற மருந்து வாங்கும்போது ஃபார்மால்டிஹைடு இல்லாததாகப் பார்.

கழிவறை அறையின் அகலம், ஆழம், உட்காருமிடத்தில் கூரை உயரம், கைப்பிடி சுழலப் பக்கத்தில் இருக்கிற இடம் எல்லாம் சென்டிமீட்டரில் அளந்து அனுப்பு. முன்தளத்துப் பெட்டியில் எத்தனை கேன் கொள்ளும் என்றும் பார். மூரிங் எடுக்கிற எண்ணம் உண்டா, இரண்டு வருஷம் கழித்தும் படகில்தானா, உபயோகிப்பது ஒருவரா இருவரா, இந்த மூன்றையும் எழுது. காரணம் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். மாப்பிள்ளைக்கு அப்பா போன் செய்தார், எடுக்கவில்லை. வேலையாக இருப்பார்.

உன் பதில் வரும்வரை சாமான் பட்டியலை ஒரு ஆளுக்குத் தனியாகவும் இரண்டு ஆளுக்குத் தனியாகவும் எழுதி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா