கேலக்ஸி தவளைக்காக வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வால்பாறையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனைமலைச் சோலைகளில் மட்கிய கட்டைகளுக்கும் கற்களுக்கும் அடியில் வாழும் கேலக்ஸி தவளைக்காக எழுதுகிறேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கறுத்த உடம்பெல்லாம் வெளிர்நீலப் புள்ளிகள். 1878-இல் இதை உலகுக்குச் சொன்ன பெட்டோம் உங்கள் துறையின் முன்னோடி, சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்தவர். இதன் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் குழுவில், இது ஒன்றே ஒன்றுதான்.

தேயிலைக்காகக் காட்டை அழித்தபோது எங்கள் ஊரில் மிஞ்சியவை சோலைத் துண்டுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெயில் காயும் தோட்டத்தையும் தார் ரோட்டையும் தாண்ட வேண்டும். ஈரத்தோல் உள்ள இந்தச் சின்ன உயிரால் அது முடிகிறதா? முடியாவிட்டால் அந்தத் துண்டுக்குள்ளேயே சொந்தத்துக்குள் சொந்தமாகப் பெருகி, தலைமுறைக்குத் தலைமுறை வலு குறையும். வெளியிலிருந்து பார்த்தால் சோலை பச்சையாகத்தான் தெரியும்.

இதை மரபணு மார்க்கர்கள், அதாவது டி.என்.ஏ.வில் உள்ள அடையாளங்கள், காட்டிக்கொடுக்கும். டி.என்.ஏ.வின் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது தவளைக்குத் தவளை மாறும். தாய்வழி ஒரு கணக்கு, தந்தைவழி ஒரு கணக்கு. இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களை ஒப்பிட்டால் எது எதற்குச் சொந்தம், எந்தச் சோலை தனித்துப் போனது என்பது புலப்படும். வேறு தவளைக்கு உருவாக்கிய மார்க்கர் தூரத்து இனத்தில் பெரும்பாலும் எடுபடாது. தனித்து நிற்கும் இந்தப் பேரினத்துக்குப் புதிதாகத்தான் தேட வேண்டும்.

களக்காடு–முண்டந்துறைக் காடுகளிலும் இந்தத் தவளை உண்டு. ஆனைமலைக்கும் அதற்கும் நடுவே மலைத்தொடரைப் பிரிக்கும் செங்கோட்டைக் கணவாய். இரு பக்கத்துத் தவளைகளும் எவ்வளவு காலமாகப் பிரிந்திருக்கின்றன என்று பார்க்காமல் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கே ஓரிடத்துத் தவளையை இன்னோர் இடத்தில் விடலாம் என்று யாராவது சொன்னால், எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

மாதிரி எடுக்க விரல்நுனியை வெட்ட வேண்டாம், தோலில் பஞ்சுக் குச்சியால் தடவினாலே போதும். ஆனால் கட்டையைக் கண்டபடி புரட்டினால் அடியில் உள்ள ஈரமே போய்விடும். கேரள மலை ஒன்றில் படம் எடுக்க வந்தவர்கள் கட்டைகளைக் கலைத்த பிறகு அங்கிருந்த தவளைகளையே காணவில்லை. ஆகவே பயிற்சி பெற்ற ஆய்வாளர்களை மட்டும் அனுமதியுங்கள். படம் எடுக்க வருவோரைத் தடுங்கள்.

வண்டலூரில் உங்கள் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியில் தவளைகளை ஆராயும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். இவர்களைச் சேர்த்து, ஆனைமலையிலும் களக்காட்டிலும் இந்த மரபணு ஆய்வு தொடங்கும்படி, வரும் ஜூன் மழைக்கு முன்பே அனுமதியும் நிதியும் தாருங்கள்.

அன்புடன்,
வால்பாறைக்காரன் ஒருவன்