10,000 அடிக்கு ஒரு கணக்கு

அன்பு மகளுக்கு,

தினம் 10,000 அடி நடக்கச் சொல்லி நீ வாங்கி அனுப்பிய, அடி எண்ணும் கைக்கடிகாரம் விஷயமாக ஒரு திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். "இன்னைக்கு எத்தனை அடி நடந்தீங்கப்பா?" என்று ராத்திரி கேட்பாயே, நானும் ஏழாயிரம், எட்டாயிரம் என்பேனே? அதில் பாதிக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை வீசி வீசி ஏற்றியது. எதிரே டிவி ஓடும். அதையும் பார்க்க மாட்டேன்.

நடக்க முடியாமல் இல்லை, எழுந்திருக்கவே தோன்றவில்லை. அம்மா போன பிறகு உன்னிடம் முழங்கால் வலி, தூக்கம் இல்லை என்று மட்டும் சொன்னேன். அதுவும் நிஜம்தான். ஆனால் செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் வாரக்கணக்கில் கிடந்ததைச் சொல்லவில்லை. வயதானவர்களில் பலர் மனச்சோர்வை இப்படித்தான் வெளிக்காட்டுவார்களாம். மனசு சரியில்லை என்று வாய் வராது, உடம்பு வலி, பசி இல்லை என்பார்களாம். டாக்டர் 15 கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்தார். ஆம், இல்லை என்று குறித்தால் போதும். வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா என்று ஒரு கேள்வி. அங்கே மாட்டிக்கொண்டேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு ஒரு நாற்காலியைக் காட்டினார். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 வினாடியில் எத்தனை தடவை எழுந்து நின்று உட்கார முடிகிறது? ஆறு தடவை. ஏழாவதுக்குப் பாதி எழுந்தேன், தொடை வெடவெடவென்று ஆடியது, தொப்பென்று விழுந்தேன். 70லிருந்து 74 வயதுள்ள ஆணுக்கு 12க்குக் கீழே போனால் காலில் வலு குறைவு, கீழே விழும் ஆபத்து அதிகம் என்று அர்த்தமாம். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கோபம் வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்ததே, அன்று வந்தது.

அந்த நாற்காலியில்தான் தொடங்கினேன். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வந்து கதவைத் தட்டுகிறார், சேர்ந்து நடக்கிறோம். அவருக்குக் காது மந்தம். கத்திக் கத்திப் பேசுவதில் எனக்கு மூச்சு வாங்குகிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம் என்று டாக்டர் சொன்னார். அவர் தட்டாத நாளில் நான் போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நடந்தாலே போதும், மாத்திரை எதற்கு என்று உன் அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு இருந்த 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்றாகப் பிரித்து உடற்பயிற்சி, மருந்து, இரண்டும் என்று 16 வாரம் பார்த்தார்கள். முடிவில் மூன்று பிரிவும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. ஆனால் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே சீக்கிரம் பலன் தெரிந்தது. அத்தை முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வாள். நான் இரண்டையும் விடப் போவதில்லை, மாத்திரையை நானாக நிறுத்தவும் மாட்டேன்.

அப்புறம் உன் 10,000. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு 'மன்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கவும் தசை வலுவுக்குமான பயிற்சி. அடிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. எனவே ராத்திரி அதைக் கேட்காதே. பக்கத்து வீட்டுக்காரர் இன்று என்ன சொன்னார் என்று கேள், அரை மணி நேரம் பேசுவேன்.

நேற்று 11 தடவை எழுந்தேன். இன்று இன்னும் எழவில்லை. இதை மடித்து உறையில் போட்டுவிட்டுத்தான்.

அன்புடன்,
அப்பா