மகளுக்கு: உன் துண்டறிக்கையில் நான் அடித்த வரிகள்

அன்புள்ள பாப்பா,

கவுண்டி கமிஷனர் தேர்தலுக்காக நீ அனுப்பிய துண்டறிக்கை வரைவைப் படித்தேன். 'என் பின்னணி' நீளமாக இருக்கிறது. 'என் முன்னுரிமைகள்' பகுதியில் பாதியைப் பேனாவால் அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

'கிடங்குகளைத் தடுப்பேன்' என்ற வரியை முதலில் எடு. நியூ ஜெர்சியில் எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது. கவுண்டி என்பது பல ஊர்களைச் சேர்த்த, நம் மாவட்டம் மாதிரியான அமைப்பு. அதன் திட்டக் குழுவின் கை, கட்டடம் கவுண்டி சாலையையோ கவுண்டி வடிகாலையோ தொடும் இடத்தோடு நின்றுவிடும். லாரி எந்த வாசல் வழியாக நுழையலாம், மழைநீர் எங்கே போக வேண்டும், இவ்வளவுதான். ஊர் மன்றக் கவுன்சிலராக இருந்துகொண்டு இதை எழுதினால், "அந்த அதிகாரம் இப்போதே உங்கள் மன்றத்திடம்தானே இருக்கிறது?" என்று எதிராளி முதல் கூட்டத்திலேயே மடக்குவார். 'கவுண்டி சாலைகளில் லாரி வாசல்களுக்குக் கடுமையான விதி' என்று மாற்று. அது உன்னால் முடியும்.

சாலைக் குழிகளும் அப்படியே. நீல ஐங்கோணப் பலகையில் மஞ்சள் எண் இருந்தால் அது கவுண்டி சாலை. பெரும்பாலும் 500, 600 வரிசை எண்கள். ரூட் 1, ரூட் 27 எல்லாம் மாநிலத்தினுடையவை. உன் வரைவில் இருக்கும் மூன்று சந்திப்புகளையும் நேரில் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு எழுது.

ஷெரிஃப் (சிறை, நீதிமன்றக் காவல்), கிளார்க் (ஆவணப் பதிவு, தேர்தல் வேலை), சரோகேட் (உயில், வாரிசு விவகாரம்) மூவரும் தனித்தனியாகத் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள். பிராசிக்யூட்டரை, அதாவது குற்ற வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞரை, ஆளுநர் நியமிக்கிறார். அவர்களுடைய செலவைப் பற்றி நீ கேள்வி கேட்கலாம், வேலை ஏவ முடியாது. ஆகவே 'குற்றங்களைக் குறைப்பேன்' வேண்டாம்.

இப்போது வரி. நீ இரண்டு வரியில் முடித்துவிட்ட இந்த விஷயத்துக்குத்தான் அரைப் பக்கம் ஒதுக்க வேண்டும். வீட்டு வரி பில்லில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, மிச்சத்தில் ஊரும் கவுண்டியும். 'கவுண்டி வரியை ஏற்றவில்லை என்கிறார்கள், என் பில்லில் மட்டும் எப்படி ஏறியது?' என்று வாசலில் கேட்பார்கள். பதில் தெரியாமல் போய் நிற்காதே.

கவுண்டி தனக்கு வேண்டிய மொத்தத் தொகையை ஊர்களுக்குப் பங்கு பிரிக்கிறது. ஊர்ப் பதிவேட்டில் உள்ள மதிப்பை வைத்து அல்ல, ஏனென்றால் ஒவ்வொரு ஊரும் வேறு வேறு வருடத்தில் மறுமதிப்பீடு செய்திருக்கும். விற்பனை விலைகளோடு ஒப்பிட்டுச் சமப்படுத்திய மதிப்பை வைத்து. ஒரு பேச்சுக்கு, மொத்தம் 10 கோடி டாலர், உங்கள் ஊரின் பங்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்: 50 லட்சம். அடுத்த வருடம் மொத்தத்தில் ஒரு டாலர்கூட ஏறவில்லை. ஆனால் உங்கள் ஊர் வீடுகள் மற்ற ஊர்களைவிட வேகமாக விலை ஏறியதால் பங்கு 5.4 சதவீதமாகிறது: 54 லட்சம். ஊரின் கவுண்டி வரி 8 சதவீதம் கூடிவிட்டது. கவுண்டி சொன்னதும் உண்மை, பில்லும் உண்மை. இந்தக் கணக்கை அப்படியே துண்டறிக்கையில் அச்சிடு. இதை விளக்குகிற வேட்பாளர்கள் அபூர்வம்.

'2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற விடமாட்டேன்' என்பதையும் அடித்துவிட்டேன். 2010-ல் வந்த சட்டமே அந்த வரம்பைப் போட்டிருக்கிறது. அதைக் கடைப்பிடிப்பது சாதனை ஆகாது. கடன் தவணை, மூலதனச் செலவு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டின் கூடுதல் ஏற்றம் ஆகியவை அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. நீ பார்க்க வேண்டிய இடம் அதுதான். இன்னொன்று, தேர்தல் வருடத்தில் உபரியை (முந்தைய வருடங்களில் மிஞ்சிய பணத்தை) எடுத்துப் போட்டு வரியை அப்படியே நிறுத்தி வைப்பது. அடுத்த வருடம் அந்த உபரி இருக்காது, செலவு இருக்கும். கடந்த ஐந்து பட்ஜெட்டுகளிலும் உபரி எவ்வளவு எடுக்கப்பட்டது, எவ்வளவு திரும்பச் சேர்ந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்.

பின்னணிப் பகுதியில் பட்டங்களைக் குறை. எந்தக் குழுவில் இருந்தாய், எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தாய், அதனால் எத்தனை டாலர் மாறியது, இதை எழுது. பனியை உருக்கச் சாலையில் போடும் உப்பை உங்கள் ஊர் கவுண்டியோடு சேர்ந்து வாங்கியதை ஏன் விட்டுவிட்டாய்? கவுண்டி வேலைக்கு அதைவிடப் பொருத்தமான அனுபவம் உன் பட்டியலில் வேறு இல்லை. மாப்பிள்ளையின் கம்பெனிக்குக் கவுண்டி ஒப்பந்தம் ஏதும் இருந்தால் நீயே முதலில் சொல்லிவிடு. ஏப்ரல் 30-க்குள் நீ வருடாவருடம் கொடுக்கும் நிதி விவரப் படிவத்தில் 2,000 டாலருக்கு மேல் வருமானம் வரும் இடமெல்லாம் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

'இரண்டு பதவியிலும் இருந்து உழைப்பேன்' என்றும் எழுதியிருக்கிறாய்! 2008 பிப்ரவரியிலிருந்து புதிதாக வருபவர்கள் தேர்தலில் வென்ற இரண்டு பதவிகளை ஒன்றாக வைத்திருக்க முடியாது. ஜெயித்தால், ஜனவரியில் பதவி ஏற்கும்போது மன்றத்தை விட வேண்டும். ஊர்க்காரர்கள் உன் இடத்துக்கு யார் என்று கேட்பார்கள். கட்சிச் சார்பில் வென்ற இடம் என்பதால் ஊர்க் கட்சிக் குழு 15 நாளில் மூன்று பெயர் தரும், மன்றம் அதில் ஒருவரை எடுக்கும்.

முன்பெல்லாம் துண்டறிக்கைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. 21 கவுண்டிகளில் 19-ல், கட்சி ஆதரித்தவர்கள் பெயரெல்லாம் பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் வரும். அந்த வரிசையில் இடம் கிடைத்தாலே பாதி ஜெயித்த மாதிரி. 2024 மார்ச்சில் நீதிபதி குரைஷி ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு அதைத் தடுத்தார். 2025 பிரைமரியில் இரு கட்சிகளுக்குமே பதவிவாரியான கட்டங்கள் வந்துவிட்டன. கமிஷனர் கட்டத்தில் உன் பெயர் மற்றவர்களோடு சமமாக நிற்கும்.

வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் போடும் வாசகம் ஆறு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. நீ எழுதியதில் எட்டு இருக்கிறது. அதில் இன்னொருவர் பெயர் வேறு வருகிறது. அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் செல்லாது. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் இரண்டு கோளாறும் சேர்ந்தே தீரும். திருத்தியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அம்மா