ஓடுகிற மூக்கும் ஓடாத கடையும்

அன்புள்ள சரோ,

உன் இரண்டு மெயிலும் வந்தது. பதில் போடாமலே நாலு மாதத்தை ஓட்டிவிட்டேன், கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டு, முறுக்கு சுட்டுத் தருகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவன் அதே வேலையில்தான் இருக்கிறான். நாம் 'வாத்து' என்று கூப்பிடுவோமே, அவள் போன வாரம் போன் பண்ணினாள், அதே சிரிப்பு.

இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன செவ்வாய்க்கிழமை டியூஷனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ரன்' என்ற ஆங்கிலச் சொல் வருகிற பத்து வாக்கியங்களைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஜலதோஷ வாக்கியத்துக்கு 'என் மூக்கு ஓடுகிறது' என்று எழுதியிருந்தாள். பக்கத்துப் பையன் அதைச் சத்தமாக வாசிக்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், சரோ. அது இன்னும் உறுத்துகிறது. அவள் அழவில்லை. பென்சிலை நோட்டின் நடுமடிப்பில் வைத்துவிட்டு, "மிஸ், ஃபேன் ஓடுதுன்னு சொல்றோமே, ஃபேனுக்குக் கால் இருக்கா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு? ஃபேன் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, மனசு சரியில்லாவிட்டால் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. இதில் பாதிக்கு ஆங்கிலக்காரனும் 'ரன்' என்றுதான் சொல்கிறான். ஆனால் மூக்கு என்று வந்தால் நமக்கு ஒழுகவேண்டும், துணிச் சாயம் என்றால் போகவேண்டும், காய்ச்சல் என்றால் அடிக்கவேண்டும். அவன் இந்த மூன்றுக்குமே 'ரன்' போடுகிறான். கிரிக்கெட்டைப் பார், பந்து பவுண்டரிக்குப் போய்விட்டால் ஓடாமலே நாலு ரன். அப்புறம் தேர்தல்! அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார், நம் ஊரிலும் நிற்கிறார். இதைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு உனக்குப் போன் பண்ணப் போனேன், உன் மாமியாரை நினைத்து விட்டுவிட்டேன்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ரொம்ப நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குத்தான். பிறகு திருத்தும்போது 'ரன்' அதைத் தாண்டிவிட்டது, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது மாதம், சரோ! எனக்கு அந்த மனுஷனைப் பார்த்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

எப்படி இவ்வளவு சேர்ந்தது என்று தேடியபோதுதான் நம் தமிழய்யா ஞாபகம் வந்தார். தன்வினை பிறவினை நடத்தும்போது மேஜைமேல் சாக்பீஸ் உருண்டால் 'உருண்டது', அவரே தள்ளிவிட்டால் 'உருட்டினேன்' என்று காட்டுவாரே, அது கீழே விழும்போதெல்லாம் நீ ஓடிப்போய் எடுத்துக் கொடுத்து நல்ல பேர் வாங்குவாயே, அந்தப் பாடம்தான். பழைய ஆங்கிலத்திலும் தானாக ஓடுவதற்கு ஒரு வினை, ஓடவைப்பதற்கு வேறொரு வினை இருந்திருக்கிறது, அச்சு அசல் நம் ஓடு, ஓட்டு மாதிரி. ஸ்காண்டிநேவியாவிலிருந்து நார்ஸ் மொழி பேசியவர்கள் இங்கிலாந்தில் வந்து குடியேறினபோது அவர்களிடமும் அதே போல ஒரு ஜோடி. இந்த நாலும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து 'ரன்' என்ற ஒரே சொல்லாகிவிட்டன. அதனால் குதிரை ஓடுவதும் ரன், குதிரையை ஓட்டுவதும் ரன், கடை நடத்துவதும் ரன். பிறகு மில், ரயில், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக வந்து அந்தச் சொல்லிலேயே ஏறிக்கொண்டன. நம்மிடம் அந்த ஜோடி இன்னும் ஒன்றாகக் கலக்காமல் இரண்டாகவே இருக்கிறது, காலத்தை ஓட்டுகிறோம், வியாபாரம் இல்லாவிட்டால் ஈ ஓட்டுகிறோம். இருபது வருஷமாக இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறேன், இதை ஒரு நாள்கூட இப்படி யோசித்ததில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று யோசிக்க வைத்தது.

சனிக்கிழமை அவள் வீட்டைத் தேடிப் போனேன். நாங்கள் சிரித்ததில் மனசு ஒடிந்துதான் வரவில்லை என்று நினைத்திருந்தேன். அவள் அம்மா வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருக்கிறார். "கடை சரியா ஓடல டீச்சர், உதவிக்கு வச்சிருந்த ஆளையும் நிறுத்திட்டேன், அதான் சாயங்காலம் இவளை நிக்கச் சொன்னேன்" என்றார். 'ஓடல' என்ற வார்த்தை வந்ததும் அந்தப் பெண் தட்டில் வாழையிலை போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பீஸ் வேண்டாம், கடை முடிந்து எட்டு மணிக்கு மேல் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா சரி என்றார், ஆனால் எட்டு மணிக்கு மேல் அந்தப் பிள்ளைக்குக் கண் சொக்காதா என்று எனக்குக் கவலையாகவே இருக்கிறது. நேற்று வந்தாள், கொட்டாவி விட்டுக்கொண்டே.

வந்தவள் சும்மா வரவில்லை, அடுத்த கேள்வியோடு வந்தாள். கூரை ஓடும் ஆமை ஓடும் இந்த ஓடுதானா, வேறா? வேறு என்றுதான் சொன்னேன், ஏன் வேறு என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீ தமிழ் எம்.ஏ. ஆச்சே, உன் அலமாரியில் இருக்கிற அகராதிகளைப் புரட்டி வெள்ளிக்கிழமைக்குள் எழுது. அவளிடம் சொல்லிவிட்டேன், கோயம்புத்தூரில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்று.

உன்
கமலா